லிப்ரே ஆபிஸை நாமே கம்பைல் செய்ய வேண்டுமா?

லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் அறிவுரை இது: "பழைய வெர்ஷனை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க? சோர்ஸை எடுத்து நீங்களே கம்பைல் பண்ணிக்குங்க." சோர்ஸ் என்பது மனிதர் எழுதிய மூல நிரல், கம்பைல் என்பது அதைக் கணினி ஓட்டக்கூடிய நிரலாக மாற்றுவது. சொல்கிறவர் பெரும்பாலும் அதைச் செய்து பார்த்திருக்க மாட்டார். டெர்மினலில் ஓடும் சின்னக் கருவி என்றால் சரி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். எழுத ரைட்டர், கணக்குப் போட கால்க், காட்சிக்கு இம்ப்ரெஸ், வரைய டிரா என்று பல செயலிகள் அடங்கிய அலுவலகத் தொகுப்பான லிப்ரே ஆபிஸ் அப்படிப்பட்டதில்லை. மேசைக்கணினி மென்பொருட்களில் மிகப் பெரிய திறமூல நிரல்தொகுப்புகளில் அதுவும் ஒன்று. அதனால்தான் இந்தக் கேள்விக்கு அதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இங்கே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் மற்ற மென்பொருட்களுக்குப் போடுவது எளிது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலில் கை வைக்கப் போகிறீர்கள் என்றால் கம்பைல் செய்யுங்கள். புதிய வெர்ஷன் வேண்டும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம், அதற்கு வேறு வழிகள் நாலைந்து இருக்கின்றன. ஒரு பிழை எப்போது நுழைந்தது என்று கண்டுபிடிக்கக்கூட கம்பைல் செய்யத் தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது, அதனால் அதற்குக் கீழே கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் டிஸ்ட்ரோ (டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வகை) கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்வதும் ஒரு தேர்வுதான். டெபியன் 12-இல் வருவது லிப்ரே ஆபிஸ் 7.4. உபுண்டு 22.04-இல் 7.3, 24.04-இல் 24.2. (7.6-க்குப் பிறகு எண்முறை மாறிவிட்டது. 24.2 என்பது 2024 பிப்ரவரியைக் குறிக்கும், நடுவில் பதினாறு வெர்ஷன்கள் ஒன்றும் காணாமல் போகவில்லை.) 7.4 வெளியானது 2022 ஆகஸ்டில். பழசுதான், ஆனால் கைவிடப்பட்டதில்லை. டெபியன் குழு வெர்ஷன் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் எடுத்து அந்தப் பழைய நிரலுக்குள் சேர்த்துவிடும். கணக்கெழுதும் அலுவலகம், பள்ளிக்கூட ஆய்வகம், கடிதமும் சுற்றறிக்கையும் அடிக்கிற மேசை ஆகியவற்றுக்கு இதுவே போதும். நேற்று வரை திறந்த கோப்பு இன்றும் அதே மாதிரி திறக்க வேண்டும் என்பதுதான் அங்கே முக்கியம்.

இந்தப் பழைய வெர்ஷன் எப்போது உதைக்கும்? வெளியிலிருந்து வரும் டாக்எக்ஸ் கோப்பில் அட்டவணை கலைந்து போகும்போது. அல்லது உங்களைப் படுத்துகிற பிழை ஏதோ ஒரு புதிய வெர்ஷனில் சரிசெய்யப்பட்டுவிட்டது என்று பக்ஸில்லாவில் (திட்டத்தின் பிழைப் பதிவுத் தளம்) படித்துத் தெரிந்துகொள்ளும்போது. அப்போதும் நேராக சோர்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. டெபியனில் பேக்போர்ட்ஸ் களஞ்சியத்தைச் சேர்த்துக்கொண்டால் புதிய லிப்ரே ஆபிஸ் வழக்கமாகப் பொதிகளை நிறுவும் அதே ஏபிடி கருவி வழியாகவே வந்துவிடும். உபுண்டுவில் இதே வேலையை லிப்ரே ஆபிஸ் பிபிஏ என்ற தனிக் களஞ்சியம் செய்கிறது. ஆர்ச் டிஸ்ட்ரோ பயன்படுத்துகிறவர்களுக்கு ஃப்ரெஷ், ஸ்டில் என்று இரண்டு பொதிகளும் தயாராகவே இருக்கின்றன. அவர்கள் இந்தக் கட்டுரையின் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

அடுத்தது, லிப்ரே ஆபிஸை நடத்தும் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் தானே வெளியிடும் டெப், ஆர்பிஎம் தொகுப்பு (டெபியன் வகை, ஃபெடோரா வகை லினக்ஸ்களுக்கான நிறுவல் கோப்புகள்). எனக்கு இது பிடிக்கும். தரவிறக்கிப் பிரித்தால் உள்ளே டெப் கோப்புகள் ஒரு கூட்டமாகக் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே டிபிகேஜி கட்டளையில் போட்டுவிடலாம். ஆப்ட் (opt) என்ற அடைவுக்குள் வெர்ஷன் எண்ணோடு தனி வீடு எடுத்துக்கொள்ளும், டிஸ்ட்ரோ போட்ட பழைய லிப்ரே ஆபிஸைத் தொடாது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் நீக்கிவிடலாம். குறை என்னவென்றால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நீங்கள்தான் கவனித்துத் திரும்ப இறக்க வேண்டும். ஒரு கணினிக்கு இது பெரிய விஷயமில்லை. முப்பது கணினியைப் பார்த்துக்கொள்கிறவர் இந்த வழிக்குப் போகக் கூடாது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் அமைப்புகள், நீட்சிகள், சேர்த்து வைத்த சொற்கள் எல்லாம் இருப்பது முகப்பு அடைவில் மறைந்திருக்கும் கான்ஃபிக் அடைவுக்குள், லிப்ரே ஆபிஸ் என்ற பெயரில், அதற்குள் 4 என்ற அடைவில். வெர்ஷன் 5, 6, 7 எல்லாம் போய் 24, 25 வந்துவிட்டது, இந்த அடைவின் பெயர் மட்டும் இன்னும் 4 தான். ஆக, டிஸ்ட்ரோவின் 7.4-ம் நீங்கள் புதிதாகப் போட்டதும் ஒரே அடைவைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். புதியது எழுதி வைத்த ஒரு அமைப்பு பழையதற்குப் புரியாமல் போகலாம், நீட்சி ஒன்று முரண்டு பிடிக்கலாம். சோதித்துப் பார்க்கும் வெர்ஷனைத் தொடங்கும்போது யூசர்இன்ஸ்டலேஷன் என்ற தெரிவைக் கொடுத்து வேறு அடைவைக் காட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. குறைந்தபட்சம் அந்த 4-ஐ ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டாவது தொடங்குங்கள்.

எந்த டிஸ்ட்ரோவிலும் ஓடும்படி தனி வேலிக்குள் கட்டிய பொதிதான் பிளாட்பேக். அதைப் பற்றி இரண்டு கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டே இருக்கின்றன, நான் நடுவில். அதன் களஞ்சியமான ஃபிளாட்ஹப்பிலிருந்து எடுத்தால் டிஸ்ட்ரோ எவ்வளவு பழையதாக இருந்தாலும் புதிய லிப்ரே ஆபிஸ் ஓடும், புதுப்பித்தலும் தானாக வரும். அமைப்புகள் தன் சொந்த அடைவில் இருக்கும், மேலே சொன்ன பங்காளித் தகராறு வராது. கணினியில் நீங்கள் நிறுவியிருக்கும் தமிழ் எழுத்துருக்களும் உள்ளே தெரியும். முதல் தடவை ரன்டைமையும் (அது ஓடத் தேவையான நூலகங்கள்) சேர்த்து இறக்குவதால் டேட்டா கொஞ்சம் போகும். சிக்கல் வருவது வெளியே இருக்கும் இன்னொரு நிரலை மேக்ரோவிலிருந்து கூப்பிடும்போது. வேலி போட்ட இடத்துக்குள் ஓடுவதால் அது கிடைக்காது. தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கணினியின் விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்99 வைத்திருந்தால் எங்கேயும் வேலை செய்யும். ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் போன்ற உள்ளீட்டுக் கருவி வழியாக அடிப்பவர்கள், நிறுவிய உடனே ஒரு பத்தி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பழையதை நீக்க வேண்டும்.

ஆப்இமேஜ் ஒரே கோப்பு. இறக்கி, இயக்க அனுமதி கொடுத்து, இரட்டைச் சொடுக்கு. உபுண்டு 22.04-இலிருந்து ஃப்யூஸ் 2 நூலகம் இயல்பாக வருவதில்லை என்பதால் சொடுக்கியும் ஒன்றுமே நடக்காமல் நிற்கிறவர்கள் நிறையப் பேர். அந்த நூலகத்தைத் தனியாக நிறுவினால் ஓடும் (24.04-இல் பொதியின் பெயரின் பின்னால் டி64 என்று ஒரு வால் முளைத்திருக்கிறது, பழைய பெயரில் தேடினால் குழப்பம்). பென்டிரைவில் போட்டு எடுத்துப் போவதற்கும், "இந்தப் பிழை புதிய வெர்ஷனில் இருக்கிறதா" என்று ஐந்து நிமிடத்தில் பார்ப்பதற்கும் இதைவிட நல்லது இல்லை. தினசரி வேலைக்கு வேண்டாம். உபுண்டுவின் சொந்தப் பொதி முறையான ஸ்னாப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முகப்பு அடைவில் புள்ளி வைத்துத் தொடங்கும் மறைந்த அடைவுகளை அது பார்க்காது, அதில் உங்கள் வேலை எதுவும் இல்லையென்றால் சரி.

இதுவரை சொன்னவை எல்லாம் வெளியாகிவிட்ட வெர்ஷன்களுக்கு. வெளியாகாததைப் பார்க்க வேண்டும் என்றால்? திட்டத்தின் பில்ட் சர்வர்கள் மாஸ்டர் கிளையை (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் நிரல்) தொடர்ந்து கம்பைல் செய்து, டெய்லி பில்ட் என்ற பெயரில் வெளியிடுகின்றன. லிப்ரே ஆபிஸ் டெவ் என்று தனிப் பெயரில் நிறுவிக்கொள்ளும், உங்கள் வழக்கமானதோடு மோதாது. நேற்று இணைக்கப்பட்ட திருத்தம் உங்கள் கோப்பில் வேலை செய்கிறதா என்று பார்க்க இது போதும்.

பிழை வேட்டைக்காரர்களுக்கு இன்னும் ருசியான ஒன்று இருக்கிறது: பைபிசெக்ட் களஞ்சியம். நிரலின் மாற்றங்களை வரலாறாகச் சேமிக்கும் கருவி கிட். அதன் களஞ்சியத்தில் வழக்கமாக மூல நிரல்தானே இருக்கும்? இதில் இருப்பது கம்பைல் செய்து முடித்த நிரல். ஒவ்வொரு கமிட்டுக்கும் (பதிவான ஒரு மாற்றம்) அப்போது லிப்ரே ஆபிஸ் எப்படி இருந்ததோ அந்த இயங்கு கோப்புகளையே கட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள். ஒரு வெர்ஷனுக்கு ஒரு களஞ்சியம். பல ஜிபி இருக்கும், ஒரு முறை இறக்கினால் போதும்.

பயன்பாட்டைப் பாருங்கள். "கொ", "கோ" போன்ற எழுத்துகளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்யின் இடப்பக்கம் போய் நிற்க வேண்டும். ஹார்ஃப்பஸ் என்ற நூலகம் அந்த வேலையைச் செய்கிறது. 2017-இல் வந்த 5.3 முதல் லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் லிப்ரே ஆபிஸ் இதையே பயன்படுத்துகிறது. போன வெர்ஷனில் சரியாகத் தெரிந்த ஒரு சொல் இந்த வெர்ஷனில் வரி மடியும் இடத்தில் உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 4,000 கமிட்டுகள். கிட் பைசெக்டைத் தொடங்கி, பழைய முனை நல்லது, புதிய முனை கெட்டது என்று சொல்ல வேண்டும். அது நடுவிலிருந்து ஒன்றை எடுத்துத் தரும். ரைட்டரைத் திறந்து, அந்தக் கோப்பைப் பார்த்து, நல்லது அல்லது கெட்டது என்று சொல்ல வேண்டும். மறுபடி அதன் பாதி. பன்னிரண்டு தடவையில் ஒரே ஒரு கமிட்டில் போய் நிற்கும். இதில் ஒரு வரி சி++ கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, கம்பைலர் நிறுவ வேண்டியதில்லை. அந்தக் கமிட் எண்ணைப் பிழை அறிக்கையில் போட்டுவிட்டால் "தமிழ் சரியாகத் தெரியவில்லை" என்ற மொட்டைப் புகாருக்கும் இதற்கும் கிடைக்கும் கவனமே வேறு. மாற்றத்தைச் செய்தவர் பார்வைக்கே அது நேராகப் போய்விடும்.

இனி சோர்ஸ்.

செய்முறையை வாயால் சொன்னால் மூன்று வரிதான். கிட் குளோன் செய்து நிரலை இறக்க வேண்டும், கணினியைச் சோதித்துத் தயார்செய்யும் ஆட்டோஜென் ஸ்கிரிப்டை ஓட்ட வேண்டும், கட்டும் வேலையைத் தொடங்க மேக் (make) கட்டளை கொடுக்க வேண்டும். முடிந்ததும் இன்ஸ்ட்டிர் என்ற அடைவுக்குள் எஸ்ஆபிஸ் நிரல் காத்திருக்கும். நிறுவவே வேண்டாம், அங்கிருந்தபடியே ஓடும். டெவலப்பர் பில்டுகள் தங்கள் அமைப்புகளையும் அந்த இன்ஸ்ட்டிருக்குள்ளேயே வைத்துக்கொள்வதால் உங்கள் அன்றாட ரைட்டருக்கு ஆபத்தில்லை. இந்த அளவில் வடிவமைப்பு அருமையானது.

அந்த மூன்று வரிக்கு நடுவில்தான் வாரக்கடைசி போகும். முதலில் சார்புகள், அதாவது கட்டுவதற்குத் தேவைப்படும் மற்ற நூலகங்களும் கருவிகளும். டெபியன், உபுண்டுவில் ஏபிடியின் பில்ட்-டெப் கட்டளை தேவையான எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொண்டுவரும். ஆனால் பெரும்பாலானோர் கணினியில் மூலப் பொதிகளின் முகவரி அணைக்கப்பட்டிருக்கும். டெப்-எஸ்ஆர்சி முகவரி எதையாவது சேர் என்று அது மறுத்துவிடும். உபுண்டு 24.04-இல் இதைச் சேர்க்கும் இடமும் மாறிவிட்டது. பழைய சோர்சஸ்-லிஸ்ட் கோப்பில் தேடினால் எதுவும் இருக்காது, உபுண்டு-சோர்சஸ் என்ற புதிய கோப்பில் டைப்ஸ் என்ற வரியில் டெப் என்பதற்குப் பக்கத்தில் டெப்-எஸ்ஆர்சி என்று எழுத வேண்டும். அப்படியும் வந்து சேர்வது உங்கள் டிஸ்ட்ரோவில் இருக்கும் பழைய லிப்ரே ஆபிஸுக்கான சார்புகள். மாஸ்டருக்குக் கூடுதலாக ஒன்றிரண்டு வேண்டியிருக்கலாம். ஆட்டோஜென் பாதியில் நின்று எது இல்லை என்று சொல்லும், போட்டுவிட்டு மறுபடி ஓட்ட வேண்டும்.

பிறகு கம்பைலர். இந்த அறிவுரையின் ஓட்டை இங்கேதான் தெரிகிறது. மாஸ்டர் கிளை கேட்பது புதிய ஜிசிசி (லினக்ஸின் வழக்கமான சி++ கம்பைலர்), 12-க்குக் கீழே ஏற்காது. உபுண்டு 20.04-இன் இயல்பான ஜிசிசி 9, 22.04-இல் 11. அதாவது, டிஸ்ட்ரோ பழையதாக இருப்பதால் "நீங்களே கம்பைல் பண்ணிக்குங்க" என்று யாரிடம் சொல்கிறோமோ, அவருடைய கணினியில்தான் அது முதல் படியிலேயே நிற்கும். புதிய ஜிசிசியைத் தனியாக நிறுவி ஒப்பேற்றப் பார்க்கலாம். அதைவிட டிஸ்ட்ரோபாக்ஸ் மாதிரி ஒரு கன்டெய்னருக்குள் (உங்கள் லினக்ஸுக்குள் தனியாக ஓடும் இன்னொரு லினக்ஸ்) புதிய ஃபெடோராவையோ டெபியனையோ வைத்து அதற்குள் கம்பைல் செய்வது சுத்தம். நூற்றுக்கணக்கான டெவ் பொதிகள் உங்கள் கணினி முழுக்கப் பரவாது, வேண்டாம் என்றால் கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

மேக் கொடுத்ததும் முதலில் வெளி நூலகங்கள் இறங்கும்: பூஸ்ட், ஐசியு, ஸ்கியா, பிடிஎஃப்யம் என்று ஒரு பெரிய பட்டியல். அப்புறம் திரை நிறைய சிஎக்ஸ்எக்ஸ் என்று தொடங்கும் வரிகள் ஓடும், ஒவ்வொன்றும் ஒரு சி++ கோப்பு. எஸ்டபிள்யு என்ற அடைவு வந்தால் ரைட்டர், எஸ்சி வந்தால் கால்க், எஸ்டி வந்தால் இம்ப்ரெஸும் டிராவும். ஸ்டார்ரைட்டர், ஸ்டார்கால்க், ஸ்டார்டிரா என்ற பழைய பெயர்களின் எச்சம் இது. ஜெர்மனியின் லூனபர்க் ஊரில் மார்கோ போரிஸ் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் நிறுவனத்தின் நிரல்தான் 1999-இல் சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2000-இல் ஓபன் ஆபிஸ் ஆகி, 2010-இல் அதிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்தது. நிரலுக்குள் ஜெர்மன் மொழியில் எழுதிக் கிடந்த குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றவே தன்னார்வலர்கள் பல வருடம் உட்கார வேண்டியிருந்தது. இவ்வளவு வயதான நிரல் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கோபம் வராது.

நேரம் கணினியைப் பொறுத்தது. நிறைய கோர்களும் 32 ஜிபி ராமும் உள்ள மேசைக்கணினியில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடியலாம். நாலு கோர், 8 ஜிபி லேப்டாப் என்றால் இரவு படுக்கப் போகும்முன் போட்டுவிட்டுக் காலையில் பார்க்க வேண்டியதுதான். லேப்டாப்பின் அடிப்புறம் அதுவரை தோசைக்கல். 8 ஜிபி ராமில் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ஓடிக்கொண்டே இருந்த பில்ட் திடீரென்று சிசி1பிளஸ் கொல்லப்பட்டது என்று சொல்லி நின்றுவிடும். நிரலில் பிழை என்று நினைத்துத் தேட ஆரம்பித்தால் நாள் போய்விடும். காரணம், எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை கம்பைலர்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன, ஒவ்வொன்றும் ஒரு ஜிபி வரை கேட்கலாம், ராம் தீர்ந்ததும் கெர்னலே ஒன்றைக் கொன்றுவிடுகிறது. ஆட்டோஜென்னுக்கு வித்-பேரலலிசம் என்ற தெரிவில் 3 அல்லது 4 என்று கொடுத்துவிட்டால் நிதானமாக ஓடி முடியும். இந்தத் தெரிவுகளை ஒவ்வொரு தடவையும் தட்டாமல் ஆட்டோஜென்-இன்புட் என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதி வைத்துவிடுங்கள். தமிழ் இடைமுகம் வேண்டுமானால் வித்-லாங் என்ற தெரிவில் டிஏ என்று கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வருவது வெறும் ஆங்கிலம்.

வட்டில் 50 ஜிபி காலியாக இல்லாமல் தொடங்காதீர்கள். டீபக் தகவலோடு (பிழை தேட உதவும் கூடுதல் விவரம்) கட்டும்போது வொர்க்டிர் அடைவு வீங்கிக்கொண்டே போகும். முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைக்கும் சிகேஷ் கருவியை நிறுவியிருந்தால் இரண்டாவது முறை கட்டுவது வேகமாகும். ஆனால் அதன் இயல்பான கொள்ளளவு 5 ஜிபிதான், லிப்ரே ஆபிஸுக்கு அது பற்றாது, முன்கூட்டியே உயர்த்திவிடுங்கள்.

இவ்வளவும் ஒரு முறை படும் பாடு. என்னைக் கேட்டால் உண்மையான செலவு இதற்குப் பிறகுதான். சோர்ஸிலிருந்து கட்டியதற்குப் புதுப்பித்தல் அறிவிப்பு வராது. பாதுகாப்புத் திருத்தம் வந்ததா என்று நீங்கள் பார்க்க வேண்டும், கிட் புல் செய்ய வேண்டும், மறுபடி கட்ட வேண்டும். நடுவில் மற்றக் கோப்புகள் எல்லாம் பயன்படுத்தும் ஒரு ஹெடர் கோப்பு மாறியிருந்தால் ஏறக்குறைய முழுவதும் மறுபடி கம்பைல் ஆகும், அங்கே சிகேஷும் பெரிதாகக் கைகொடுக்காது. எல்லாவற்றையும் கம்பைல் செய்தே பயன்படுத்துவதற்குப் பெயர்போன ஜென்டூ டிஸ்ட்ரோவே, லிப்ரே ஆபிஸுக்குக் கட்டி முடித்த பொதி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கிறது. அவர்களுக்கே அலுப்புத் தட்டியிருக்கிறது என்றால் நமக்கென்ன.

சோர்ஸுக்கு ஆதரவாக வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்கள் உண்டு. நம் கணினிக்கென்றே கம்பைல் செய்தால் வேகமாக ஓடும் என்பது ஒன்று. வீடியோ என்கோடர் மாதிரி கணக்குப் போட்டே நேரம் போகும் நிரல்களில் அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ரைட்டரில் நீங்கள் தட்டும் எழுத்துக்காகக் காத்திருப்பது கணினிதான், அங்கே வித்தியாசம் தெரியாது. போதாததற்கு டெவலப்பர்களுக்கான டிபிஜியூட்டில் தெரிவோடு கட்டினால் ஓடும்போதே தன்னைத்தானே சோதித்துக்கொண்டிருக்கும், அதிகாரபூர்வ வெளியீட்டைவிட மெதுவாகத்தான் ஓடும்.

பாதுகாப்பு என்பது இன்னொன்று. நானே கட்டியது, உள்ளே யாரும் எதையும் நுழைத்திருக்க முடியாது என்பார்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க நூலகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பின்கதவை நினைத்துப் பாருங்கள். அதை இயக்கும் வரிகள் வெளியீட்டு டார் கோப்பின் பில்ட் ஸ்கிரிப்டில் ஒளிந்திருந்தன, கம்பைல் செய்யும் நேரத்தில்தான் வேலையைக் காட்டின. டிஸ்ட்ரோக்கள் சோர்ஸிலிருந்துதான் அதைக் கட்டின. எஸ்எஸ்எச் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்த்ததால் தப்பித்தோம். பல லட்சம் வரிகளை வாசிக்காமல் கம்பைல் மட்டும் செய்வதால் நம்பிக்கை கூடாது. அதிகாரபூர்வத் தரவிறக்கத்தின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது இதைவிடப் பயனுள்ள ஐந்து நிமிடம்.

சரி, எப்போது இந்த வேலையில் இறங்கலாம்? நிரலை மாற்றும்போது. அதிலும் ஒரு வடிகட்டல் உண்டு. தமிழ் மெனுவில் ஒரு சொல் தப்பாக இருக்கிறது, உதவிப் பக்கத்தில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்பவற்றுக்கெல்லாம் சோர்ஸ் வேண்டாம். மொழிபெயர்ப்பு முழுவதும் வெப்லேட் தளத்தில் நடக்கிறது, பிரவுசரிலேயே திருத்தலாம். ஆனால் கால்க்கில் ஒரு உரையாடல் பெட்டி தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கு விரியாமல் வெட்டுகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்றால் கம்பைல் செய்துதான் ஆக வேண்டும். இங்கே கணக்கு தலைகீழாக மாறிவிடும். முதல் பில்டுக்கு ஓர் இரவு போனாலும் அதற்குப் பிறகு நீங்கள் தொட்ட கோப்பு மட்டுமே கம்பைல் ஆகும். மேக் என்பதோடு அந்தத் தொகுதியின் பெயரைச் சேர்த்துக் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் கட்டப்பட்டு சீக்கிரம் முடியும், திறந்து பார்க்கலாம். புதியவர்களுக்கென்று ஈசிஹேக் என்று குறியிட்ட பிழைகள் பக்ஸில்லாவில் இருக்கின்றன, எந்தக் கோப்பைத் தொட வேண்டும் என்பது வரை அவற்றில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.

மாற்றங்களைப் பரிசீலிக்கும் கெரிட் தளத்துக்கு உங்கள் மாற்றத்தை அனுப்பினால் ஜென்கின்ஸ் என்ற தானியங்கிக் கருவி அதை லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் கட்டிப் பார்த்துவிடும். அதனால் மூன்று கணினி வைத்துக்கொண்டு நீங்கள் திண்டாட வேண்டாம், உங்கள் லினக்ஸில் ஒன்று ஓடினால் போதும். முதல் முறை அனுப்பும்போது, என் பங்களிப்பை எம்பிஎல் 2.0, எல்ஜிபிஎல் 3 உரிமங்களில் தருகிறேன் என்று ஒரு வரி மின்னஞ்சலும் அனுப்பக் கேட்பார்கள். அவ்வளவுதான் சடங்கு.

விண்டோஸில் கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கட்டலாம், விஷுவல் ஸ்டுடியோவும் அதோடு சிக்வின் அல்லது டபிள்யுஎஸ்எல்லும் (விண்டோஸுக்குள் லினக்ஸ் கருவிகளைத் தருபவை) வேண்டும், பில்ட் அடைவை விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரின் கண்ணிலிருந்து விலக்கி வைக்க வேண்டும், இல்லையென்றால் உருவாகும் ஒவ்வொரு கோப்பையும் அது மோந்து பார்த்து நேரத்தை இன்னும் இழுக்கும். லினக்ஸ் கிடைக்கும் என்றால் அங்கேயே செய்யுங்கள்.

வேறு மென்பொருட்களில் இந்தக் கணக்கு எப்படி மாறும் என்பது, அந்தத் திட்டம் உங்களுக்காக எவ்வளவு வேலையை முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டர் தனக்கு வேண்டிய நூலகங்களைக் கட்டி முடித்த நிலையிலேயே கொடுத்துவிடுகிறது. அப்டேட் கட்டளை அவற்றைக் கொண்டுவரும், மிச்சமிருக்கும் பிளெண்டரின் சொந்த நிரலை மட்டும் கம்பைல் செய்தால் போதும். லிப்ரே ஆபிஸைவிட எவ்வளவோ இலகு, சி++ பில்ட் என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அதையே முதலில் சொல்வேன். படம் வரையும் இங்க்ஸ்கேப் வேறு விதம். ஒருவர் அனுப்பிய திருத்தம் இணைக்கப்படும் முன்பே கிட்லேப் தளத்தின் தானியங்கி பைப்லைன் அதற்கான ஆப்இமேஜைக் கட்டி வைத்துவிடுகிறது. அந்தக் கோரிக்கையின் பக்கத்துக்குப் போய் அதை இறக்கி, உங்கள் எஸ்விஜி கோப்பைத் திறந்து பார்த்து, சரியாகிவிட்டதா இல்லையா என்று அதே பக்கத்தில் எழுதிவிட்டு வரலாம்.